ஆறு மடிக்கணினிகளும் சந்தனக் கிண்ணமும்

என் மனைவியின் தம்பிக்கு எதையும் மொத்தமாக வாங்கித்தான் பழக்கம். ஒன்றை வாங்கி, அது ஓடுகிறதா என்று பார்த்து, பிறகு மற்றதை வாங்குவது அவன் கணக்கில் கோழைத்தனம். இரண்டாயிரத்துக்குப் பிறகான முதல் பத்தாண்டு முடியப்போகிற ஒரு புரட்டாசியில், அவன் சென்னைக்குப் போய் ஆறு மடிக்கணினிகளோடு திரும்பி வந்தான். ஒவ்வொன்றும் எவர்சில்வர் டிபன் பாக்ஸைவிடக் கொஞ்சம் அகலம். திரை ஏழு அங்குலம். விசைகளை அழுத்த வேண்டுமென்றால் விரல் நகத்தால்தான் முடியும்.

விளாங்குடியில் அவனுக்கு ஒரு ஜெராக்ஸ் கடை இருந்தது. அதற்கு முன்னால் அதே இடத்தில் டெலிபோன் பூத் வைத்தான். ஊரில் எல்லோர் கையிலும் செல்போன் வந்த வருடத்தில். பிறகு பிரௌசிங் சென்டர் வைத்தான். எல்லோர் வீட்டுக்கும் இணைப்பு வந்துகொண்டிருந்தபோது. இப்போது கடையின் பின்னறையில் குழந்தைகளுக்குக் கணினி வகுப்பு. விஜயதசமி அன்று தொடக்கம். பிள்ளைகளுக்கு அரிசியில் ‘அ’ எழுத வைப்பதற்குப் பதிலாக மடிக்கணினியில் ‘அ’ எழுத வைப்பதாக நோட்டீஸ் அடித்துத் தெருத்தெருவாகக் கொடுத்துவிட்டான். யோசனை மோசமில்லை. அவனுடையது என்பதுதான் அதில் குறை.

நோட்டீஸ் அடித்து முடித்த பிறகுதான் பெட்டியைத் திறந்து ஒரு மடிக்கணினியை முடுக்கியிருக்கிறான். தமிழில் எதைத் திறந்தாலும் எழுத்துக்குப் பதிலாக வரிசையாகக் கட்டங்கள் வந்தன. பக்கத்துத் தெருவில் இருக்கும் என் வீட்டுக்கு ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தான்.

“அத்தான், ஒரு தமிழ் ஃபான்ட் மட்டும் போட்டுவிட்டீகன்னா போதும். சின்ன வேலை.”

எந்த வேலை சின்ன வேலை என்பதை அந்த வேலை தெரியாதவர்கள்தான் எப்போதும் முடிவு செய்கிறார்கள். முப்பது வருடம் அரசுத் துறையில் தகவல்தொடர்புக் கருவிகளைப் பராமரித்தவன் நான். பத்திரிகையோடு இலவசமாக வந்த சிடியிலிருந்து லினக்ஸ் என்ற இயங்குதளத்தை ஏற்றிப் பழகியது தொண்ணூறுகளில். கருவியைத் திருப்பிப் பார்த்தவுடனே தெரிந்தது, இது வேறு இனம். மேஜைக் கணினியில் இருக்கும் சில்லு ஒரு வகை. செல்போனில் இருக்கும் ஆர்ம் சில்லு இன்னொரு வகை. ஒன்றுக்குச் செய்த நிரல் மற்றதில் ஓடாது. இதில் இருந்தது ஆர்ம். உள்ளே, கைக்கருவிகளுக்கென்று எழுதிய ஏதோ ஓர் இயங்குதளத்தைத் திணித்திருந்தார்கள். அதற்குத் தமிழ் தெரியாது, கற்றுக்கொடுக்கவும் வழியில்லை. சிடி போடும் வாயும் இல்லை. முடுக்கும்போது ஒரு விசையை அழுத்திப் பிடித்தால் அமைப்புத் திரை வருமே, அதுவும் இல்லை.

முடியாது என்று சொல்லி அனுப்பிவிட்டேன். வாசல் வரைக்கும் போய்த் திரும்பி, “முடியாதா, தெரியாதா அத்தான்?” என்று கேட்டுவிட்டுப் போனான்.

ரசம் ஊற்றும்போது மனைவி ஒன்றே ஒன்று சொன்னாள்: “இதும் போச்சுன்னா அவன் இந்தத் தெருவுல தலைகாட்ட முடியாது. ஏற்கெனவே ரெண்டு தடவ சிரிச்சிருக்காக. நீங்க உள்பட.”

மறுநாள் ஆறு கருவிகளையும் வாங்கி வைத்துக்கொண்டேன். அவனுக்காக இல்லை.

அந்தக் கருவிக்கு ஒரு குணம் உண்டு. முடுக்கியதும் முதலில் பக்கவாட்டில் இருக்கும் மெமரி கார்டு பொந்தை எட்டிப் பார்க்கும். அங்கே ஒரு குறிப்பிட்ட பெயரில் ஒரு கோப்புறையும், அதற்குள் ஒரு சிறு கட்டளைக் கோப்பும் இருந்தால், அது சொல்வதைச் செய்யும். இல்லாவிட்டால் வயிற்றுக்குள் இருப்பதை எழுப்பும். ஆகவே கார்டை இரண்டு பகுதியாகப் பிரிக்க வேண்டும். முதல் பகுதியில் கட்டளைக் கோப்பும் லினக்ஸின் கருவான கர்னலும். இரண்டாவதில் ஆர்ம் சில்லுக்கென்று தொகுத்த லினக்ஸ் முழுவதும். இதையெல்லாம் என் வீட்டு இணைப்பில் இறக்குவதற்குள் ஒரு மூட்டை நெல்லைப் புழுக்கி, காய வைத்து, அரைத்துக்கொண்டு வந்துவிடலாம். பாதியில் மின்சாரம் போகும், முதலிலிருந்து தொடங்கும்.

முதல் கர்னலைப் போட்டதும் திரை வெளுத்துப்போய் நின்றது. கருவி ஓடியது, திரைதான் பேசவில்லை. வேறொரு நாட்டில் எவரோ ஒருவர், இதே பெட்டியை வாங்கி ஏமாந்தவர், தானே சரிசெய்த கர்னலை இணையத்தில் வைத்திருந்தார். அதைப் போட்டதும் வெள்ளை எழுத்துகள் வரிவரியாக ஓடி, கடைசியில் மேஜைத்திரை வந்தது. எழுத்துருவும் தமிழ்99 விசைப்பலகையும் போட்டேன். ஆங்கில ஏ இருக்கும் விசையைத் தட்டினால் ‘அ’ வந்தது. வட்டமாக, சுத்தமாக, கட்டம் இல்லாமல்.

அதைக் காட்ட மைத்துனனைக் கூப்பிட்டேன். பார்த்தான். ஒரு வார்த்தை பாராட்டவில்லை. பொந்தில் செருகியிருந்த கார்டைச் சுட்டிக்காட்டி, இது எதற்கு வெளியே நிற்கிறது என்று கேட்டான். விளக்கினேன்.

“கார்டுல இருந்தா பிள்ளைக பிடுங்கிட்டுப் போயிரும் அத்தான். உள்ளயே ஏத்தி விட்ருங்க.”

உள்ளே ஏற்றவும் வழி இருந்தது. ஆனால் ஏற்றிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் போனால், பழைய இயங்குதளமும் இல்லை, புதியதும் இல்லை. அந்த மாதங்களில் மின்சாரம் சொல்லிவிட்டும் போகும், சொல்லாமலும் போகும். கருவியின் பேட்டரியோ பெயருக்குத்தான் பேட்டரி. அப்புறம் அம்மிக்குப் பக்கத்தில் வைத்து மசாலா அரைக்கலாம் என்றேன். ஆறில் ஒன்றில் மட்டுமாவது செய்து பாருங்கள் என்றான். மொத்தமாக வாங்கும் மனிதனுக்கு ஒன்றில் செய்து பார்க்கும் ஞானம் அன்றைக்குத்தான் வந்தது. நான் ஒத்துக்கொள்ளவில்லை. பேச்சு தடித்தது. அவன் பூத்தைப் பற்றி நான் ஏதோ சொன்னேன்; என் ஓய்வூதியத்தைப் பற்றி அவன் ஏதோ சொன்னான். கடைசியில் அந்தக் கார்டை உருவி அவன் மூக்குக்கு நேரே நீட்டினேன்.

“நல்லாப் பாத்துக்க மாப்ள. இந்த மிஷினுக்கு உசுரு உள்ள இல்ல, இதுலதான் இருக்கு. இது இல்லேன்னா நீ வாங்கிட்டு வந்தது வெறும் டப்பா.”

அவன் கார்டை வாங்கி முன்னும் பின்னும் பார்த்தான். செல்போனில் போடும் நகத்தளவு கார்டு, அதைச் செருகிக்கொள்ளும் அடாப்டர், அடாப்டரின் பின்பக்கம் வரிசையாகத் தங்க நிறத் தகடுகள். “உசுரு,” என்று தனக்குள் ஒருமுறை சொல்லிக்கொண்டான். நான் ஜெயித்துவிட்டதாக நினைத்தேன்.

சரஸ்வதி பூஜைக்கு முந்தைய நாள் சாயங்காலம் ஆறும் தயார், ஒவ்வொன்றுக்கும் ஒரு கார்டு. கடைக்கே கொண்டுபோய், ஒவ்வொன்றாக முடுக்கி, ‘அ’ தட்டி, முறைப்படி அணைத்துக் கொடுத்தேன். அணைக்காமல் மூடக் கூடாது, ஓடும்போது கார்டைத் தொடக் கூடாது, தண்ணீர் பக்கத்தில் வைக்கக் கூடாது என்று எல்லாம் சொன்னேன். படியில் தொங்காதே என்று நடத்துனர் சொல்வதற்குக் கல்லூரிப் பையன்கள் எப்படித் தலையாட்டுவார்களோ அப்படித் தலையாட்டினான்.

பூஜைக்கு நான் போகவில்லை. மனைவி போய்விட்டுப் பொரியும் சுண்டலும் கொண்டுவந்தாள். ஜெராக்ஸ் மிஷின், யூபிஎஸ், கத்தரிக்கோல், ஸ்டேப்ளர், ஷட்டர் கொக்கி வரைக்கும் சந்தனமும் குங்குமமும் வைத்திருந்தானாம். பூஜையில் வைத்த கருவியை மறுநாள் மறுபூஜை வரைக்கும் தொடக் கூடாது என்பது நம் வழக்கம். ஆகவே யாரும் எதையும் முடுக்கிப் பார்க்கவில்லை.

விஜயதசமி அன்று காலையில் போனேன். என் வேலை ஓடுவதைப் பார்க்கும் ஆசை எனக்கும் உண்டு. பின்னறையில் பாய் விரித்து, ஆறு மடிக்கணினிகளையும் வரிசையாகப் பலகை மேல் வைத்திருந்தான். புதுச்சட்டை போட்ட பிள்ளைகள், மடியில் புதுப் பென்சில் டப்பாக்கள், பின்னால் பெற்றவர்கள். பட்டு ஜவுளி வியாபாரி ஒருவர் குடும்பத்தோடு வந்திருந்தார். ராகு காலம் பிறப்பதற்குள் எல்லாப் பிள்ளைகளும் எழுதி முடிக்க வேண்டும் என்று பேச்சு. ஜரிகை வேட்டியில் என் மைத்துனன் கற்பூரம் காட்டிவிட்டு ஆறையும் முடுக்கினான்.

ஆறிலும் பழைய இயங்குதளம் வந்தது. தமிழ் எழுத வேண்டிய இடத்தில் கட்டம்.

ஒரு பெண்குழந்தை விசையைத் தட்டி, வந்த கட்டத்தைப் பார்த்து, அம்மாவைத் திரும்பிப் பார்த்தது. ஜவுளிக்காரர் மனைவியிடம் சௌராஷ்டிரத்தில் ஏதோ சொன்னார். எனக்கு அந்த மொழி தெரியாது. ஆனால் ‘எழுந்திரு’ என்பதற்கு எல்லா மொழியிலும் ஒரே முகம்தான். திண்டுக்கல் ரோட்டில் இன்னொரு கணினி வகுப்பும் அன்றைக்குத்தான் சேர்க்கை நடத்திக்கொண்டிருந்தது.

என் மைத்துனன் கூட்டத்தின் முன்னால் என்னைப் பார்த்தான்.

“என்ன அத்தான், நல்லாப் பாத்துத்தான் குடுத்தீகளா?”

குனிந்து முதல் கருவியின் கார்டை உருவினேன். சந்தன வாசனை வந்தது. தங்க நிறத் தகடுகள் அத்தனையின் மேலும் கெட்டியாகச் சந்தனம் காய்ந்திருந்தது. அதன் நடுவில், அளவெடுத்ததுபோல், ஒரு குங்குமப் பொட்டு. அடுத்ததை உருவினேன். அதிலும். ஆறிலும்.

நான் கேட்பதற்கு முன் அவனே சொன்னான்.

“உசுரு இதுலதான் இருக்குன்னு நீங்கதான அத்தான் சொன்னீக. டப்பாவுக்குப் பொட்டு வச்சுட்டு உசுருக்கு வைக்காம விட முடியுமா?”

கூட்டத்தில் சிலர் சிரித்தார்கள். இரண்டு பேர் ஆமாம் என்று தலையாட்டினார்கள். கார்டுகளை உருவி வெற்றிலையில் வரிசையாக வைத்து, பொட்டிட்டு, மறுபூஜை முடிந்ததும் பக்தியோடு மறுபடி செருகியிருக்கிறான்.

திரும்பி நடந்திருக்கலாம். நான் செய்து கொடுத்தது சரி. அதைக் கெடுத்தது அவன். எல்லோரும் சாட்சி. வாசலில் மனைவி நின்றிருந்தாள். தம்பியைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தாள். ஜவுளிக்காரர் ஒரு காலைச் செருப்பில் நுழைத்துவிட்டார்.

அந்தப் பெண்குழந்தையின் பென்சில் டப்பாவிலிருந்து புது ரப்பரை வாங்கினேன். ரப்பரின் முனையால் தகடு தகடாகத் தேய்த்தேன். ஐந்து கருவிகளில் பயனில்லை. காய்ந்த சந்தனம் பொந்துக்குள்ளேயே உதிர்ந்து அடைத்துவிட்டது. ஸ்பிரிட்டும் பஞ்சும் பொறுமையும் வேண்டும். மூன்றும் அங்கே இல்லை. ஆறாவதில் மட்டும் மெல்லிய பூச்சு. கிண்ணத்தில் சந்தனம் தீரும்போது வைத்தது போலிருக்கிறது. தேய்த்து, ஊதி, செருகி, முடுக்கினேன். வெள்ளை எழுத்துகள் ஓடத் தொடங்கின.

“மந்திரம் மாதிரி ஓடுது பாருங்க,” என்று என் மைத்துனன் பெற்றவர்களுக்கு விளக்கம் சொன்னான்.

மேஜைத்திரை வந்தது. குழந்தை விசையைத் தட்டியது. ‘அ’.

ஒரே கருவி என்பதால் பிள்ளைகளை வரிசையில் நிற்க வைத்தோம். ஒருவர் எழுதியதை அடுத்தவர் அழிக்க மனமில்லாமல் பக்கத்திலேயே தட்ட, திரையில் ‘அ’ நீண்டுகொண்டே போய் இரண்டாவது வரிக்கு மடங்கியது. ஜவுளிக்காரர் செருப்பைக் கழற்றிவிட்டு மகனை வரிசையில் விட்டார். ராகு காலத்துக்கு முன்னால் முடிந்தது. ஒருவரும் சேர்க்கையை ரத்து செய்யவில்லை.

எல்லோரும் கேசரி சாப்பிடும்போது அவன் கூட்டத்தைப் பார்த்துச் சொன்னான்: “இதுக்குத்தான் அன்னைக்கே உள்ள ஏத்தச் சொன்னேன். யாரு கேட்டா?”

“உள்ள ஏத்தியிருந்தா மிஷினப் பிரிச்சு உள்ளயும் சந்தனம் வச்சிருப்ப மாப்ள,” என்றேன்.

அவனைத் தவிர எல்லோரும் சிரித்தார்கள்.

மற்ற ஐந்தையும் வீட்டுக்குக் கொண்டுவந்து சுத்தம் செய்து மனைவி கையில் கொடுத்தனுப்பினேன். அடுத்த வருடம் வகுப்பு ஓடிக்கொண்டுதான் இருந்தது. சரஸ்வதி பூஜைக்குக் கூப்பிட்டிருந்தான், மனைவிக்காகப் போனேன். ஆறு மடிக்கணினிகளும் வாழையிலை மேல் இருந்தன. கார்டுகள் பொந்துக்குள்ளேயே இருந்தன. ஒவ்வொரு பொந்தின் மேலும் செல்லோ டேப்பை நறுக்கி ஒட்டி, அந்த டேப்பின் மேல் சந்தனமும் குங்குமமும் வைத்திருந்தான்.

வெகுநேரம் பார்த்தேன். முறையில் குறை சொல்ல ஒன்றும் கிடைக்கவில்லை. சுண்டலை வாங்கிக்கொள்ளாமல் வந்துவிட்டேன்.