தாடை வலியும் அண்ணன் வீட்டுக் கறிச்சோறும்

தலைவலி என்றுதான் முதலில் நினைத்தேன். காலையில் எழும்போதே இரண்டு நெற்றிப்பொட்டும் தெறிக்கும். கண்ணாடியை மாற்றினேன், காப்பியை விட்டேன். மருந்துக்கடைக்காரர் என்னைக் கண்டதுமே மாத்திரை அட்டையை எடுத்து வைக்கும் அளவுக்குப் போனது. பிறகு ஒரு நாள் கொட்டாவி விட்டபோது தாடை பாதியிலேயே பிடித்துக்கொண்டது. பல் டாக்டரிடம் ஓடினேன். அவர் காதுக்கு முன்னால் விரலை வைத்து அழுத்தினார். நாற்காலியிலிருந்து துள்ளிவிட்டேன்.

"தாடை மூட்டும்மா. தூக்கத்துல பல்லைக் கடிக்கிறீங்க. அதான் தலையும் வலிக்குது," என்றார்.

தூங்கும்போது மாட்டிக்கொள்ளப் பல்லுக்கு ஒரு உறை செய்து கொடுத்தார். வெந்நீர் ஒத்தடம், குழைந்த சோறு. அழுத்திக் கடிக்கும் எதுவும் கூடாது. பேச்சையும் குறைக்கச் சொன்னார். அதில் எனக்கு ஒரு சிரமமும் இல்லை. நாகமலை புதுக்கோட்டையில் தனியாகக் குடியிருப்பவள் நான். ஆபீஸ் விட்டு வந்தால் மறுநாள் பஸ் ஏறும்வரை வாய் திறக்க வேலை இல்லை. தூக்கத்தில் பல் கடிப்பதைக்கூட டாக்டர் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். பக்கத்தில் படுக்க ஆளிருந்தால் சத்தம் கேட்டு எழுப்பியிருக்கும். வீடு திரும்பும்போது வலியைவிட இதுதான் என்னை அதிகம் படுத்தியது.

அந்த வாரம் அலங்காநல்லூரில் அண்ணன் குலசாமிக்குக் கிடா வெட்டினார். எனக்கென்று மிச்சமிருக்கும் ஒரே உறவு அவர்தான். அப்பா கட்டிய வீட்டை இடிப்பதா வேண்டாமா என்று எங்களுக்குள் அப்போதுதான் வார்த்தை தடித்திருந்தது. அதனாலேயே கட்டாயம் போனேன். பந்தியில் உட்காரச் சொன்னார்கள். "தாடை வலி மதினி, மெல்ல முடியாது," என்றேன்.

"தாடை வலின்னு ஒரு நோவா? பல்லு வலின்னாலும் சரிங்கலாம்," என்றார் அண்ணன் மனைவி.

எங்கள் பக்கம் விருந்துக்கு வந்தவர் கை நனைக்காமல் போனால், இனி உறவு வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போனதாகத்தான் அர்த்தம். ஒரு வாய் ரசஞ்சோறாவது கேட்டு வாங்கிச் சாப்பிட்டிருக்கலாம். தலை வெடித்துக்கொண்டிருந்ததில் எனக்கு அது தோன்றவே இல்லை. கும்பிட்டுவிட்டுக் கிளம்பிவிட்டேன். அண்ணன் வழியனுப்ப வரவில்லை.

ஞாயிறுதோறும் வரும் போன் நின்றது. நான் கூப்பிட்டால் மதினி எடுத்து, "அவுக வெளிய போயிருக்காக," என்பார். பின்னால் அண்ணன் இருமுவது கேட்கும். குறைந்திருந்த வலி மறுபடி ஏறியது. உறையையே கடித்துத் தேய்த்திருக்கிறேன் என்று டாக்டர் கடிந்துகொண்டார். பயந்துபோயிருந்தேன் என்பதுதான் உண்மை. அண்ணன் உறவும் விட்டுப்போனால், நான் செத்தாலும் யாருக்குச் சொல்லியனுப்புவார்கள்?

ஒரு ஞாயிற்றுக்கிழமை சொல்லாமல் கொள்ளாமல் போய் நின்றேன். "வா," என்றார் அண்ணன். முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்தார்.

"சோறு போடுங்க மதினி, பசிக்குது," என்றேன்.

அன்று ஆட்டுக்கறிக் குழம்பு. முற்றின கறி. முதல் துண்டை மென்றதும் காதுக்குள் மளுக்கென்றது. வலி பொட்டுக்கு ஏறி, கண்ணீர் பொலபொலவென்று சோற்றில் விழுந்தது. நிறுத்த முடியவில்லை.

அண்ணன் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு எழுந்து வந்து பக்கத்தில் உட்கார்ந்தார்.

"அழாதத்தா. அன்னைக்கு நீ திங்காமப் போனது எனக்கு மனசே ஆறல. அதான் வந்துட்டேல்ல, விடு."

தாடை வலிதான் என்று வாய்வரை வந்தது. முன்பு சொல்லி என்ன ஆயிற்று என்று எனக்குத் தெரியும். விழுங்கிவிட்டேன். அவர் கரண்டியை வாங்கி, "இம்புட்டுத்தான் திம்பியா?" என்று இன்னும் அள்ளி வைத்தார். ஒரு துண்டு மிச்சம் வைக்காமல் மென்றேன். நான் சாப்பிட்டு முடிக்கும்வரை அவர் என் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தார். என்னை ஒருவர் தொட்டு எவ்வளவு காலம் ஆயிற்று என்று அப்போதுதான் உறைத்தது. அதற்குப் பிறகு வந்த அழுகைக்கும் தாடைக்கும் சம்பந்தமில்லை.