மெழுகுவர்த்திக்குக் கீழே ஒரு ஹீட்சிங்க்

எங்கள் வீட்டில் மாதா சுரூபத்துக்கு முன்னால் மெழுகுவர்த்தி ஏற்றி வைக்க ஒரு செம்புத் துண்டு இருக்கிறது. ஒரு பக்கம் சதுரமான தகடு. அதிலிருந்து வளைந்து ஓடும் தட்டையான ஒரு குழாய். குழாயின் முனையில் சீப்புப் பல் மாதிரி நெருக்கமாக அடுக்கிய மெல்லிய இதழ்கள். மெழுகு வழிந்து வழிந்து அந்தப் பற்கள் பாதி அடைபட்டுப் போய்விட்டன. வீட்டுக்கு வருகிறவர்கள் இது வேளாங்கண்ணியில் வாங்கினதா என்று கேட்பார்கள். என் மனைவி காபி போட எழுந்து போய்விடுவாள். அது ஒரு லேப்டாப்பின் வயிற்றுக்குள் இருந்த சாமான். ஹீட்சிங்க் என்பார்கள். உள்ளே இருக்கும் சில்லு கொதித்துப் போகாமல் சூட்டை வாங்கி வெளியே கடத்தி விடுவதுதான் அதற்கு வேலை. தகட்டின் ஓரத்தில், ஊசியால் கீறிய சின்னச் சிலுவை ஒன்று இருக்கிறது. அதைக் கீறியவன் நான்தான்.

இரண்டாயிரத்துக்குப் பிறகு வந்த பத்து வருஷத்தின் கடைசிப் பகுதியில், வைத்திக்குப்பத்துக்குப் போகிற வழியில் ஒரு சின்ன அறையில் நானும் என் மகளின் ஞானத்தகப்பனும் சேர்ந்து லேப்டாப் பழுது பார்க்கும் கடை வைத்திருந்தோம். நான் பத்தாவதோடு நின்றவன். டிவி, ரேடியோ பார்த்துப் பார்த்து இந்த வேலைக்கு வந்தவன். மேசை என்னுடையது, முன் கவுண்டர் அவனுடையது. யார் வந்தாலும் சிரிக்க வைத்து அனுப்புவான். மகளுக்கு ஞானஸ்நானம் கொடுத்தபோது, அவளைக் கையில் ஏந்திக்கொண்டு பங்குச் சாமியார் கேட்ட கேள்விக்கெல்லாம் பதில் சொன்னது அவன்தான். இந்தப் பிள்ளையை விசுவாசத்தில் வளர்க்கத் துணை நிற்பேன் என்று வாக்குக் கொடுத்தான். அன்றைக்கு என் மாமியார் எங்கள் இருவரையும் கூப்பிட்டு, இனிமேல் ஒருத்தரை ஒருத்தர் வாங்க போங்க என்றுதான் பேச வேண்டும், இது உடன்பிறப்பைவிடப் பெரிய உறவு என்றார். ஒரு வாரம் முயன்று பார்த்தோம். வாய் வரவில்லை. பழையபடி மச்சான் என்றே கூப்பிட்டுக்கொண்டோம்.

அப்போது ஊரில் கேம் ஆடுகிற பெரிய லேப்டாப்புகள் வர ஆரம்பித்திருந்தன. பெரும்பாலும் பிரான்சிலிருந்து வருகிறவர்கள் கொண்டுவந்து விட்டுப் போனவை. தட்டச்சுப் பலகையில் ஏ இருக்க வேண்டிய இடத்தில் க்யூ இருக்கும். அந்த ஊர்க் குளிருக்குச் செய்த மெஷின் நம் ஊர் மே மாத வெயிலையும் கடல் காற்றையும் எப்படித் தாங்கும்? ஆட்டத்தின் நடுவில் பொட்டென்று அணைந்துவிடும். தவளக்குப்பத்திலிருந்து ஒரு கல்லூரிப் பையன் அப்படி ஒன்றை எடுத்துவந்தான். அந்தக் கம்பெனியில் இரண்டு மாடல் உண்டு. அவனுடையது சின்னது. அதற்குள் இருந்த ஹீட்சிங்க்கில் ஒரே ஒரு குழாய். பெரிய மாடலில் இரண்டு குழாயும் தடித்த செம்பும் உண்டு. போர்டு செத்துப்போன பெரிய மாடல் ஒன்று எங்கள் கடையில் கிடந்தது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது திருகு ஓட்டைகள் ஒன்றுக்கொன்று சரியாக இருந்தன. பெரியதைக் கழற்றிச் சின்னதில் உட்கார வைத்தோம். அடி மூடியின் பிளாஸ்டிக்கைக் கொஞ்சம் அரிய வேண்டியிருந்தது. படம் காட்டுகிற சில்லுக்கு மேலே மட்டும் ஒரு மயிரிழை இடைவெளி விழுந்தது. செம்புத் தகட்டில் ஒரு சதுரம் வெட்டி, தேய்த்துத் தேய்த்து மெலிசாக்கி, இரண்டு பக்கமும் சூடு கடத்தும் வெள்ளைப் பசை தடவி அதற்குள் சொருகினேன்.

பையன் கடையிலேயே உட்கார்ந்து ஆடிப் பார்த்தான். அணையவில்லை. விசிறியின் இரைச்சல்கூட அடங்கியிருந்தது. மீன் கூடையோடு அந்த வழியாகப் போன அம்மா ஒருத்தி எட்டிப் பார்த்து, "என்னாப்பா, கடைக்குள்ள சண்ட நடக்குதா, ஒரே வெடிச் சத்தமா கீது?" என்றாள். "எங்க மச்சான் ராக்கெட் வுடுறாரும்மா, நீ தள்ளி நில்லு" என்று ஞானத்தகப்பன் சொன்னான். அன்று சிரித்த மாதிரி நாங்கள் பிறகு சேர்ந்து சிரிக்கவில்லை என்பது இப்போது யோசிக்கும்போதுதான் தெரிகிறது.

அதன்பிறகு வேலை நிறைய வந்தது. பெரிய மாடலின் ஹீட்சிங்குகளைச் சென்னையிலிருந்து, செத்துப்போன மெஷின்களிலிருந்து வாங்கி வருவதாக அவன் சொன்னான். நான் கேள்வி கேட்கவில்லை. பூட்டுவதும் பார்ப்பதும் என் வேலை. கழற்றிய ஒற்றைக் குழாய் ஹீட்சிங்குகளை ஒரு டால்டா டின்னில் போடுவேன், அவன் பழைய செம்பு வாங்குகிறவரிடம் போட்டுவிடுவதாகச் சொல்வான். எனக்கு ஒரு பழக்கம் உண்டு. நான் கைவைத்த ஒவ்வொரு சாமானிலும், கழற்றியதோ பூட்டியதோ, ஓரத்தில் ஒரு சின்னச் சிலுவை கீறுவேன். மேசையில் ஒரே நேரத்தில் பல மெஷின் திறந்து கிடக்கும்போது சாமான் மாறிப் போகக் கூடாது என்பது ஒரு காரணம். மற்றது, வேலை நல்லபடியாக முடியட்டும் என்கிற வேண்டுதல்.

அந்தச் சிலுவையை நான் எடுத்துக் காட்டியது ஒரே ஒரு வாடிக்கையாளரிடம். டீச்சரம்மாவிடம். எங்கள் பங்கில் பிள்ளைகளுக்கு மறைக்கல்வி சொல்லிக்கொடுத்தவர். என் மகளும் அவரிடம்தான் படித்தாள். வீட்டுக்காரர் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து, சொல்தா என்று ஊரில் பேர் வாங்கி, காலமாகிவிட்டார். ஒரே மகன் பிரான்சில். அவன் புதிதாக ஒன்று வாங்கிக்கொண்டு தன் பழைய பெரிய மாடலை அம்மாவிடம் விட்டுப் போயிருந்தான். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வீட்டுக்குப் போனதும் அதில்தான் மகனின் முகத்தைப் பார்த்துப் பேசுவார். இரைச்சல் போடுகிறது என்று கொண்டுவந்தார். தூசி தட்டிப் புதுப் பசை வைத்து, இரட்டைக் குழாயின் தகட்டு ஓரத்தில் சிலுவை கீறிக் காட்டினேன். "நான் தொட்ட சாமான்ல இந்தக் குறி இருக்கும் டீச்சரம்மா" என்றேன். விரலால் தடவிப் பார்த்தார். அடுத்த வாரம் வகுப்பில் என் மகளை எழுப்பி நிறுத்தி, உங்க அப்பா வேலையைக்கூட செபமாகச் செய்கிறார் என்று சொன்னாராம். மகள் ஓடிவந்து சொன்னபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. என்னை அப்படிச் சொல்ல வேறு யாரும் இருந்ததில்லை.

ஈஸ்டருக்கு முந்திய தபசு காலத்தில் வெள்ளிக்கிழமை சாயங்காலம் சிலுவைப் பாதைக்கு நான் தவறாமல் போவேன். கடையை அவனிடம் விட்டுப் போவேன். "நீ போ மச்சான், எனக்கும் சேர்த்து வேண்டிக்க" என்பான். உண்மையாகவே வேண்டிக்கொண்டேன். ஒவ்வொரு நிலையிலும் மண்டியிடும்போது என் வீட்டார் பேரோடு அவன் பேரையும் சொன்னேன். டீச்சரம்மா தன் லேப்டாப்பில் புதிதாக விண்டோஸ் போட வேண்டும் என்று அப்படி ஒரு வெள்ளிக்கிழமை கவுண்டரில் கொடுத்துவிட்டு, அதே சிலுவைப் பாதைக்கு வந்து எனக்கு முன் வரிசையில் நின்றிருந்தார்.

ஈஸ்டர் முடிந்து மே மாதம் வந்தது. அதில் ஒரு ஞாயிறு மகளுக்குப் புதுநன்மை, முதன்முதலாக நற்கருணை வாங்குகிற நாள். வெள்ளைக் கவுன் தைத்து வந்துவிட்டது. ஞானத்தகப்பன் பக்கத்தில் நின்று மெழுகுவர்த்தி பிடிக்க வேண்டும். அதற்கு முந்தின வாரத்தின் நடுவில் டீச்சரம்மா மறுபடியும் கடைக்கு வந்தார். மகனோடு பேசிக்கொண்டிருக்கும்போதே மெஷின் அணைந்து போகிறதாம். நாற்காலியைப் போட்டு மேசைக்கு எதிரே உட்கார்ந்துகொண்டார். நான் அடி மூடியைத் திறந்தேன்.

உள்ளே ஒற்றைக் குழாய் இருந்தது. சின்ன மாடலுக்கு உண்டானது. உயரம் போதாமல் சில்லுக்கு மேலே ரப்பர் பட்டையை மடித்துத் திணித்திருந்தது. தகட்டின் ஓரத்தில் என் சிலுவை.

டால்டா டின்னில் நான் போட்ட சாமான் இங்கே எப்படி வந்தது, இங்கே இருந்தது எங்கே போனது, சென்னையிலிருந்து வந்ததாக அவன் சொன்ன செம்பெல்லாம் யாருடைய மெஷினிலிருந்து வந்தது என்று எல்லாம் ஒரே மூச்சில் புரிந்தது. அதைக் கழற்றிக் கையில் எடுத்து, "டீச்சரம்மா, இது உங்களுது இல்ல" என்றேன். அவர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு குனிந்து பார்த்தார். "உங்க குறி இருக்கே" என்றார்.

கவுண்டரிலிருந்து ஞானத்தகப்பன் எழுந்து வந்தான். என் கையிலிருந்ததைப் பார்த்தான். அவன் முகம் மாறவேயில்லை. "மச்சான் குறிதான் இது. வேலை நெருக்கடில மாறிப் போச்சு போல. மனுசன்தானே டீச்சர், தெரியாம செஞ்சிருப்பாரு, மன்னிச்சுடுங்க" என்றான். எனக்காக அவன் மன்னிப்புக் கேட்டான். அதுவும் அத்தனை தன்மையாக. திட்டியிருந்தால் திருப்பித் திட்டியிருப்பேன்.

நான் இல்லை என்றேன். இரண்டு தடவை சொன்னேன். நான் நல்லவன் என்பதற்கு நானே அவரிடம் காட்டி வைத்திருந்த ஒரே சாட்சி அந்தச் சிலுவை. அது என் கையில்தான் இருந்தது. டீச்சரம்மா ஒன்றும் கோபப்படவில்லை. மெஷினைத் திறந்து கிடந்தபடியே துணிப்பையில் வைத்துக்கொண்டார். சரியானதைக் கண்டுபிடித்துப் பூட்டித் தருகிறேன், அதுவரை இதையாவது போட்டுத் தருகிறேன் என்று நீட்டினேன். "என்னுது இல்லேன்னு நீங்களே சொல்றீங்க. அப்ப எனக்கு எதுக்குங்க?" என்று சொல்லிவிட்டுப் படி இறங்கினார். துண்டு என் கையிலேயே தங்கிவிட்டது.

அவர் போனபிறகு அவனைக் கேட்டேன். அவன் மறுக்கவில்லை. "அந்தம்மா என்னா கேமா ஆடப் போறாங்க? புள்ள மூஞ்சியப் பாக்க ரெண்டு பைப் எதுக்கு மச்சான்? ஆடுற பையனுக்குத்தான் அது வேணும். யாருக்கு நஷ்டம் சொல்லு" என்றான். அணையாமல் இருந்திருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது என்பதுதான் அவன் நியாயம். இதில் தப்பு எங்கே என்று அவனுக்கு உண்மையிலேயே தெரியவில்லை. வெள்ளிக்கிழமைகளில்தானே செய்தாய் என்று கேட்டேன். "வேற எப்ப செய்றது, நீ எழுந்தே போக மாட்டியே" என்று சிரித்தான்.

அன்று சாயங்காலமே பங்குச் சாமியாரைப் பார்த்து, பிள்ளைக்கு ஞானத்தகப்பனை மாற்ற முடியுமா என்று கேட்டேன். காரணம் சொல்லவில்லை. சொன்னால் ஞாயிற்றுக்கிழமை என் மகளின் நாள் கெட்டுவிடும். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "ஞானஸ்நானம் ஒரு தடவைதான். அன்னிக்கு யாரு நின்னாரோ அவருதான் கடைசிவரைக்கும்" என்றார்.

ஞாயிறு அவன் நின்றான். வெள்ளைச் சட்டை போட்டு, மகளின் தோளில் ஒரு கையும் மெழுகுவர்த்தியில் ஒரு கையுமாக நின்றான். டீச்சரம்மா பிள்ளைகளை வரிசைப்படுத்திக்கொண்டிருந்தார். மகளின் முக்காட்டை வழக்கமான அன்போடு சரிசெய்துவிட்டார். அவனைப் பார்த்துப் புன்னகைத்தார். என்னைத் தாண்டிப் போகும்போது தரையைப் பார்த்துக்கொண்டு போனார்.

கடையை விட்டு நான் வெளியே வந்துவிட்டேன். தவளக்குப்பத்துப் பையனிலிருந்து ஆரம்பித்து, நான் மாற்றிக் கொடுத்த மெஷின்களைத் தேடிப் போனேன். ஒரு மெஷினுக்குள்ளே இரட்டைக் குழாயில் என் இரண்டு சிலுவைகள் இருந்தன. ஒன்று டீச்சரம்மாவுக்கு எதிரே கீறியது. மற்றது, அது யாருடையது என்று தெரியாமல், பழைய குறியைப் பார்க்காமல், பூட்டும்போது நானே மறுபடி கீறியது. அந்த மெஷின்காரப் பையனின் அப்பா, நாங்களா மாற்றச் சொன்னோம், நீங்கள் செய்ததுதானே என்று கழற்ற விடவில்லை. அதுவும் சரிதான். நான் டீச்சரம்மா வீட்டுக்குப் போனபோது கதவு பூட்டியிருந்தது. மகன் வந்து கூட்டிக்கொண்டு போய்விட்டானாம். என்னைத் திருடன் என்று நினைத்தபடியே அவர் பிரான்சுக்கு விமானம் ஏறினார். பிறகு திரும்பி வரவில்லை. அங்கேயே அடக்கம் செய்ததாகப் பூசையில் ஒரு நாள் வாசித்தார்கள்.

இப்போது மகளுக்குக் கல்யாணம் முடிவாகியிருக்கிறது. ஞானத்தகப்பன் இல்லாமல் பந்தக்கால் நடக்காது என்று மாமியார் இல்லாத குறைக்கு என் மனைவியே சொல்லிவிட்டாள். மகளுக்கு ஒன்றும் தெரியாது, அவளுக்கு அவன் இன்னும் சாக்லேட் வாங்கி வரும் ஞானத்தகப்பன்தான். போன வாரம் வந்தான். தலை நரைத்து, தொப்பை விழுந்து, அதே சிரிப்போடு. சுரூபத்துக்கு முன்னால் போய் நின்று நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டான். மெழுகுவர்த்தி ஏற்றாமல் இருந்த செம்புத் துண்டு கண்ணில் பட்டது. எடுத்தான். இத்தனை வருஷமாக அந்த ஒரு நிமிஷத்துக்குத்தான் அதை அங்கே வைத்திருந்தேன் என்பது அப்போதுதான் எனக்கே தெரிந்தது.

அவன் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். கட்டைவிரல் சிலுவையின் மேலேயே உரசிக்கொண்டு போனது. "நல்ல பீஸா இருக்கே மச்சான். எந்த மாடலுது?" என்றான்.

நடிக்கவில்லை. எனக்கு அவனைத் தெரியும். அவனுக்கு ஞாபகமே இல்லை.

"சின்ன மாடலுது" என்றேன். பற்களில் ஒட்டியிருந்த மெழுகை நகத்தால் சுரண்டிவிட்டு, பத்திரமாக மாதாவின் காலடியில் வைத்தான். வெளியே போய்ச் சமையல்காரரைப் பற்றி என் மனைவியோடு பேசத் தொடங்கினான். அன்று சாயங்காலச் செபத்துக்கு நான் அந்தத் துண்டின் மேலேதான் மெழுகுவர்த்தி ஏற்றினேன். செபத்தில், பிறரை நாங்கள் மன்னிப்பது போல எங்களையும் மன்னியும் என்கிற வரி வந்தபோது மனைவியும் மகளும் சொன்னார்கள். நான் கையை நீட்டி, திரியைச் சரிசெய்கிற மாதிரி, அந்த வரி முடியும் வரை தகட்டைத் தொட்டுக்கொண்டிருந்தேன். சுட்டது.