ஒருக்காக் கேட்டால் போதுமோ

மன்னாரில் யாராவது எதையாவது தந்தால் முதலில் "வேண்டாம்" என்று சொல்ல வேண்டும். தருபவர் விடமாட்டார். மறுபடி கேட்கும்போது, "உங்களுக்கு எதுக்குச் சிரமம்" என்று கொஞ்சம் இழுக்க வேண்டும். அதற்குப் பிறகு வாங்கிக்கொள்ளலாம். கேட்டவுடனேயே கையை நீட்டினால் வளர்த்தவர்களைக் குறை சொல்வார்கள். நான் பல்கலைக்கழக விரிவுரையாளர் ஆன பிறகும் இந்தப் பழக்கம் என்னை விட்டுப் போகவில்லை.

மூன்று அரசுப் பல்கலைக்கழகங்கள் சேர்ந்து மன்னார் வளைகுடாவின் இரு கரைகளையும் பற்றி ஓர் ஆய்வுத் திட்டம் தொடங்கினோம். களப்பணிக்கு ஒரு பொறுப்பாளர் தேவைப்பட்டது. இணையவழிக் கூட்டத்தில் ஒருங்கிணைப்பாளர் முதலில் என்னைத்தான் கேட்டார். அவர் கிழக்கிலுள்ள பல்கலைக்கழகத்தின் பேராசிரியை. நெடுங்காலம் வெளிநாட்டில் படிப்பித்துவிட்டுத் திரும்பியவர்.

"மிஸ், நீங்க பொறுப்பெடுக்கிறீங்களா?"

எனக்கு உள்ளுக்குள் கொள்ளை ஆசை. என் கரை, என் சனம். ஆனால் வாய் தன் பாட்டுக்கு, "பெரியாக்கள் இருக்கினமே மெடம், எனக்கு எதுக்கு?" என்றது.

"சரி" என்று சொல்லிவிட்டு அவர் அடுத்த ஆளிடம் போய்விட்டார்! மூன்றாவது பல்கலைக்கழகத்தின் மூத்த பேராசிரியர் உடனே ஒப்புக்கொண்டார். ஒப்புக்கொண்ட கையோடு, மன்னார்த் தீவுக்குப் படகு எத்தனை மணிக்கு என்றும் விசாரித்தார். பாலத்தால் பஸ் ஓடுகிறது என்று சொல்வதற்குள் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அன்று முழுவதும் குசினிப் பாத்திரங்கள்தான் என்னிடம் அடி வாங்கின.

அடுத்த மாதம் பேராசிரியையும் மூத்தவரும் இடம் பார்க்க வந்தார்கள். கொண்டச்சிக் கடற்கரை வரை வெயிலில் போய்வந்ததில் மூத்தவர் துவண்டுவிட்டார். பகல் சாப்பாடு எங்கள் வீட்டில். இனிப்புக்கு என் கணவர் வட்டலப்பம் செய்திருந்தார். மூத்தவர் யாரும் கேட்காமலே இரண்டு தரம் போட்டுக்கொண்டார். பேராசிரியையிடம் ஒரு கிண்ணத்தை நீட்டினேன்.

"ஐயோ, வேணாம் மிஸ், வயிறு நிறைஞ்சு போச்சு." கண் மட்டும் கிண்ணத்தை விட்டு அசையவில்லை.

"சரி" என்று கிண்ணத்தைக் குசினிக்குக் கொண்டுபோனேன்.

கணவர் பதறிவிட்டார். "உனக்கென்ன விசரா? ஒருக்காத்தானே கேட்டனீ!"

"வெளிநாட்டுப் பழக்கம்" என்றேன், முன்அறைக்கும் கேட்கும்படியாக.

 பேராசிரியை விழுந்து விழுந்து சிரித்தார். "அந்தக் கூட்டத்துக்குப் பழிவாங்குறீங்களா? ஆசை எண்டு அப்பவே சொல்லியிருக்கலாமே!"

"நீங்களும் இப்ப சொல்லியிருக்கலாமே மெடம்."

பொறுப்பாளரின் பெயரை இன்னும் மேலிடத்துக்கு அனுப்பவில்லை என்றும் அவர் சொன்னார். மூத்தவர் மின்விசிறிக்குக் கீழே சாய்ந்தபடி, "எனக்கு இந்த வெயில் ஒத்துவராது. ஆள் கிடைச்சால் இப்பவே விட்டுத்தாறன்" என்றார்.  ஓடிப்போய்க் கிண்ணத்தைத் திரும்பக் கொண்டுவந்து வைத்தேன். பேராசிரியை கரண்டியைக் கையில் எடுத்தார்.

"அப்ப மிஸ், நீங்க பொறுப்பெடுக்கிறீங்களா?"

"ஐயோ, எனக்கு எதுக்கு மெடம்?" என்றது என் பாழாய்ப்போன வாய்.

எனக்கே என்னை அறைய வேண்டும் போலிருந்தது. குசினி வாசலில் நின்ற கணவர் தலையில் கை வைத்தார். பேராசிரியை வட்டலப்பத்தில் ஒரு கரண்டி எடுத்தார். பிறகு இன்னொரு கரண்டி.

"திரும்பக் கேளுங்கோ மெடம்" என்று கெஞ்சினேன்.

"இருங்க, இது முடியட்டும்" என்றார் அவர், கிண்ணத்தை வழித்தபடி.

அவர் கரண்டியை வைக்கும்வரை பொறுத்திருந்து, கேள்வி பாதியில் இருக்கும்போதே "ஓம்" என்றேன்.