வரப்பில் வைத்த நாற்று முடி

எங்கள் அத்தைக்கு அரசியல் தெரியாது என்று முதலில் கண்டுபிடித்தவள் என் அம்மா. இரண்டாவதாகக் கண்டுபிடித்தவள் நான். அப்போது நான் நான்காம் வகுப்பு.

அத்தை அப்பாவின் அக்கா. நெய்வேலியில் எங்கள் குவார்ட்டர்ஸிலிருந்து சைக்கிளிலேயே போய்விடலாம், அவள் ஊருக்கு. மைன்ஸில் இறைத்துவிடும் தண்ணீர் வாய்க்காலாக ஓடி அந்த வயல்களுக்குப் பாயும். அத்தைக்குச் சொந்தமாக ஒரு குழி நிலம் கிடையாது. நடவுக்கும் களையெடுக்கவும் போகிறவள். ஊர்ப் பெண்களைச் சேர்த்துக்கொண்டு கூலி உயர்வு கேட்டுக் கேட்டே பஞ்சாயத்து வார்டு மெம்பர் ஆகிவிட்டாள். ஆன பிறகும் நடவுக்குப் போவதை விடவில்லை. "மெம்பரு சேத்துல நிக்குது, பாரு" என்று அம்மா தலையில் அடித்துக்கொள்வாள். அத்தை வீட்டுக்கு வந்தால் மரியாதைக்கு இரண்டு தோசை வைப்பாள். மூன்றாவது வேண்டுமா என்று கேட்க மாட்டாள்.

அந்த வருஷம் நடவுக்கு வங்காளத்திலிருந்து ஆட்கள் வந்தார்கள். மேஸ்திரி ஒருவர் ரயிலேற்றிக் கூட்டிவந்து, களத்து மேட்டில் தார்ப்பாய் கட்டி இறக்கியிருந்தார். ஆணும் பெண்ணுமாக வரிசை கட்டி மளமளவென்று நடுவார்கள். கூலியோ நம் பெண்களுக்குக் கொடுப்பதில் பாதி. பிறகு நம் பெண்களை யார் கூப்பிடுவார்கள்? ஊரே கொதித்தது. தார்ப்பாயைப் பிய்த்தெறிந்து அவர்களை விரட்டிவிட வேண்டும் என்று பேச்சு. பஞ்சாயத்துத் தேர்தல் வேறு நெருங்கிக்கொண்டிருந்தது. அத்தை முன்னால் நின்று விரட்டியிருந்தால் மெம்பர் பதவி மறுபடியும் அவளுக்குத்தான்.

அத்தை விரட்டவில்லை. தார்ப்பாய்க்குள் போய் உட்கார்ந்துகொண்டாள். லீவு நாள் என்பதால் நானும் கூடவே. அவளுக்கு வங்காளம் தெரியாது, அவர்களுக்குத் தமிழ் தெரியாது. உள்ளே ஒரு பெண் காய்ச்சலில் சுருண்டு கிடந்தாள். ஏன் ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை என்று அத்தை சைகையில் கேட்டாள். அந்தப் பெண் உள்ளங்கையில் விரலால் ஒரு சின்னக் கட்டம் போட்டுக் காட்டினாள். பிறகு தூரத்தில் நின்ற மேஸ்திரியின் அக்குளில் இடுக்கியிருந்த பையைக் காட்டினாள். எல்லோருடைய ஆதார் அட்டையும் அதற்குள். "போலீஸ்" என்று சொல்லி இரண்டு மணிக்கட்டையும் சேர்த்துக் காட்டினாள்; அட்டை இல்லாமல் வெளியே போனால் பிடித்துவிடும் என்று மிரட்டி வைத்திருந்தாராம். ஆஸ்பத்திரிக்கும் போக முடியாது, ஊருக்கும் திரும்ப முடியாது.

"இவங்க காண்ட்ராக்டா அத்தை, பர்மனென்டா?" என்று கேட்டேன். டவுன்ஷிப் பிள்ளைகளுக்கு மனிதர்கள் இந்த இரண்டு வகைதான்.

"நடவுல ஏதுடி பர்மனென்ட்" என்றாள் அத்தை.

அன்று சாயங்காலம் ஊர்ப் பெண்களைக் கூட்டினாள். "அவங்க நம்ம வேலைய புடுங்கல. நெலக்காரங்கதான் பாதிக் கூலி குடுத்து நம்மள மோத வுட்டுகினு இருக்காங்க. ரெண்டு பேருக்கும் ஒரே கூலின்னு ஆச்சுன்னா, நம்மளயும் கூப்புட்டுதான ஆவணும்?" சிலர் முணுமுணுத்தார்கள். சிலர் எழுந்தே போய்விட்டார்கள். மறுநாள் மீதிப் பேர் அத்தையோடு, வங்காளத்து ஆட்கள் நட்டுக்கொண்டிருந்த வயலில் இறங்கினார்கள்.

எங்கள் பக்கம் ஒரு வழக்கம் உண்டு. நடவு பார்க்க நிலக்காரர் வந்தால், ஒரு கட்டு நாற்றை, நாற்று முடி என்போம், அவர் காலடியில் வைத்துப் பெண்கள் மறிப்பார்கள். நாற்றை எந்த விவசாயியும் மிதிக்கவோ தாண்டவோ மாட்டார். காப்பிக்குக் காசு கொடுத்தால் முடியை எடுத்து வழிவிடுவார்கள். கேலியும் சிரிப்புமாக முடிந்துவிடுகிற விஷயம்.

நிலக்காரர் வெள்ளை வேட்டியில் வரப்போடு வந்தார், மேஸ்திரி பின்னால். அத்தை அவர் முன்னால் ஒரு முடியை வைத்தாள். அவர் சிரித்துக்கொண்டே சட்டைப் பைக்குள் கைவிட்டார். அதற்குள் இன்னொருத்தி மேஸ்திரிக்குப் பின்னால் ஒரு முடியை வைத்தாள். வங்காளப் பெண்கள் பார்த்தார்கள். என்ன புரிந்ததோ, அவர்களும் ஆளுக்கொரு முடியைக் கொண்டுவந்து அடுக்கினார்கள். முன்னாலும் நாற்று, பின்னாலும் நாற்று, இரண்டு பக்கமும் சேறு.

"காசு வேணாங்கண்ணே. ரெண்டு ஊரு ஆளுக்கும் ஒரே கூலி. அந்தப் பையில இருக்கற அட்டை அவங்கவங்க கையில. வழி வுட்டுடறோம்."

"என்னாம்மா மெம்பரு, வெளாட்டு வழக்கத்த வெச்சிகினு மெரட்றியா?"

"வெளாட்டுதாங்க. மிதிச்சிட்டுப் போங்களேன்."

அவர் மிதிக்கவில்லை. வெயில் ஏறியது. வரப்பில் கிடந்த நாற்று நுனி வாடத் தொடங்கியது, அவருடைய நாற்றுதான். அவர் பெண்களைப் பார்க்கவில்லை, நாற்றையே பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில், "கூலி ஒண்ணுதாம்மா, போதுமா?" என்று அத்தையிடம் சொல்லிவிட்டு மேஸ்திரி பக்கம் திரும்பினார். "குடுத்துத் தொலைய்யா."

தார்ப்பாய்க்குள் காய்ச்சல்காரி தன் அட்டையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். என் அத்தையைப் போல ஒருத்தி இந்த உலகத்திலேயே இல்லை என்று எனக்கு நெஞ்சு விம்மியது.

தேர்தலில் அத்தை தோற்றுப்போனாள். நிலக்காரர்கள் வீட்டு ஓட்டு ஒன்றுகூட விழவில்லை. எழுந்து போன பெண்களும் மாற்றிக் குத்திவிட்டார்கள். அன்று சாயங்காலம் எங்கள் வீட்டுக்கு வந்து தோசை சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். எனக்குத்தான் ஆறவில்லை.

"அட்டை வாங்கிக் குடுத்தியே, அவங்க ஏன் உனக்கு ஓட்டுப் போடல?"

"அவங்களுக்கு இங்க ஏதுடி ஓட்டு?"

"அது உனக்கு அப்பவே தெரியுமா?"

"தெரியாம என்னா" என்று சட்னியைத் தொட்டுக்கொண்டாள்.

எனக்கு அழுகையே வந்துவிட்டது. கிளாஸ் லீடர் தேர்தலில்கூட நாங்கள் பக்கத்து செக்‌ஷன் பிள்ளைகளுக்கு மிட்டாய் கொடுப்பதில்லை. அம்மா சொன்னது சரிதான், இவளுக்கு அரசியல் தெரியாது என்று முடிவுகட்டி, அடுப்படிக்குப் போய் அம்மாவிடமே அதைச் சொன்னேன். ஆமாம் என்பாள் என்று எதிர்பார்த்தேன்.

அம்மா கல்லில் கிடந்த தோசையில் ஒரு கரண்டி நெய் விட்டாள். அதை எடுத்துக்கொண்டு போய், கேட்காமலேயே, அத்தையின் தட்டில் மூன்றாவதாக வைத்தாள். தோற்றுப்போய் வந்தவளுக்கு எதற்கு நெய் தோசை என்று அன்று எனக்கு விளங்கவேயில்லை.