நாலு குடித்தனம், ஒரே பேட்டரி

விண்வெளியில் குடிவைப்பது என் தொழில். எங்கள் கம்பெனியின் செயற்கைக்கோளில் நாலு பேருடைய கருவிகள் ஒண்டுக்குடித்தனம் இருக்கின்றன. அவற்றுக்குக் கரண்ட் கொடுப்பது, குளிரில் விறைக்காமல் பார்ப்பது, எடுத்த படத்தைக் கீழே இறக்குவது எல்லாம் கல்வராயன் மலையில் ஆன்டெனாவோடு மல்லுக்கட்டும் என் பொறுப்பு. மாடி போர்ஷனை வாடகைக்கு விட்டுவிட்டு மோட்டார் சண்டை தீர்ப்பவர்களே, என் வயிற்றெரிச்சல் உங்களுக்குத்தான் புரியும்.

கரண்ட் எப்போ வரும்?

நாலாவது குடித்தனக்காரர் சேகர், சங்கராபுரம் பக்கம் கல்லூரி ஆசிரியர். மாணவர்களோடு மூன்று வருடம் பாடுபட்டு, கரும்புத் தோட்டங்களை மேலிருந்து படமெடுக்க ஒரு கேமரா செய்திருந்தார். ஒவ்வொரு சுற்றிலும் அரை மணிக்கு மேல் பூமியின் நிழல், அப்போது கேமராவுக்குக் கரண்ட் கிடையாது என்று தொண்டை வறள விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "இதுக்கு எங்க ஊரு த்ரீ பேஸே தேவலாங்க."

கேமராவுக்கு ஆட்டோ

மேலே போன முதல் வாரமே தலைவலி. நிழலை விட்டு வந்ததும் கரண்ட் கொடுத்தால், அடுத்த நொடி எல்லோருக்கும் கட். நாலு நாள் மண்டையை உடைத்துக்கொண்டதில் காரணம் தெரிந்தது. சேகரின் கேமரா எங்கள் உத்தரவுக்குக் காத்திராமல் தானே கிளம்பி மொத்தக் கரண்டையும் இழுத்துக்கொள்கிறது. மற்ற மூவரும் முதலாளியைப் பிடித்தார்கள். நாளையோடு அதை நிரந்தரமாக அணைத்துவிடு என்று எனக்கு உத்தரவு வந்தது.

ஏன் ஐயா இப்படிச் செய்தீர்கள் என்று போனில் கத்தினேன். என் கோபமே அவருக்குப் புரியவில்லை. "வயல் மோட்டாருக்கெல்லாம் ஆட்டோ போட்டுக்கினுதானே இருக்கோம்? கரண்ட் வர்ற நேரத்துக்கு யார் சார் போய் சுவிட்சு போடறது?"

கடைசி முறை

மறுநாள் காலை பைக்கில் மலையேறி வந்துவிட்டார். "பசங்களுக்கு இன்னா சார் பதில் சொல்வேன்?" என்று கேட்டார். பிறகு அவரே வழி சொன்னார்: கூட்டுக் கிணற்றில் எல்லா மோட்டாரையும் ஒன்றாக ஓட்டுவதில்லை, முறை வைத்துத்தான் இறைப்பார்கள், தன்னைக் கடைசி முறையில் போடவேண்டும். முதலாளி ஒரே ஒரு வாய்ப்புக் கொடுத்தார். மற்றவர்கள் முடித்தபின், நிழலுக்கு முந்தைய பத்து நிமிடம்.

அன்று சாயங்காலம் கட் ஆகவில்லை. படம் இறங்கியது. கரும்பு ஒரு தோகைகூடத் தெரியவில்லை. படம் முழுக்க, மலைக்கு அந்தப் பக்கமிருந்து திரண்டு வரும் மழைமேகம்தான். மூன்று வருட உழைப்புக்கு இதுதானா என்று எனக்கே அழுகை வந்தது. சேகரோ போனை எடுத்து மனைவியிடம் கத்தினார்: "களத்துல காயுற மக்காச்சோளத்த சீக்கிரம் அள்ளு! மழ வருது, நான் வானத்துலேருந்து பாத்துக்கினுதான் சொல்றேன்!"

விண்வெளிக்குக் கரண்ட் சப்ளை செய்து நான் இதுவரை உருப்படியாகக் காப்பாற்றியது ஆறு மூட்டை மக்காச்சோளம்.