பரமட்டாவில் நான் சரிபார்த்த கணக்கு

2011 அக்டோபரில் சிட்னியில் இறங்கினேன். விமான நிலையத்திலிருந்து ஹரிஸ் பார்க் வரை ரயிலுக்குப் பதினாறு டாலர் சொச்சம். ஒரு மணி நேரம் கூட ஆகவில்லை. திருச்சியில் அந்தக் காசுக்கு நான் வாரம் முழுக்க ஆட்டோவில் போவேன் என்று நண்பன் குமரேசனிடம் சொன்னேன். "இங்க வந்தா மொதல்ல ரூபாயில பெருக்கிப் பாக்குறத நிறுத்தணும்டா" என்றான்.

குமரேசனும் நானும் கல்லூரி விடுதியில் ஒரே அறை. அவன் பொறியாளன், நான் புள்ளியியல் வாத்தியார். மூன்று வருடத்துக்கு முன் மனைவி சுமதி, மகள் அபியுடன் இங்கே குடியேறினான். சுமதிக்கு ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலை உடனே கிடைத்துவிட்டது. அவனுக்குப் பார்சல் கிடங்கில் பெட்டி தூக்கும் வேலை. வீடு, இனிப்புக் கடைகளுக்குப் பின்னால் இரண்டு அறை ஃபிளாட். காலையிலேயே ஜிலேபி வாசனை வந்துவிடும். மசாலா தோசை பத்து டாலர். பெருக்கிப் பார்க்காமல் தின்றேன்.

பத்து நாளில் பாலம், ஒபரா ஹவுஸ், நீல மலை எல்லாம் பார்த்தேன். அவற்றைப் பற்றி எழுத ஆயிரம் பேர் இருக்கிறார்கள். நான் எழுத வேண்டியது அந்தச் சனிக்கிழமையை.

காலை எட்டு மணி. சுமதி காப்பியை வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தாள்.

"அண்ணா, எனக்கு மெல்போர்ன்ல வேலை வந்திருக்கு. திங்கக்கிழமை பதில் சொல்லணும். அபியக் கூட்டிட்டுப் போயிடலாம்னு பாக்குறேன். இன்னிக்கு நாலு மணிக்கு அவளோட பேச்சுப் போட்டி. போன வருஷமும் இவர் வரல, கிளப்புல மெஷின் முன்னாடி இருந்தார். இன்னிக்கு வந்து உக்காந்தார்னா மெல்போர்னுக்கு வரலன்னு எழுதிடறேன்."

"நான் கூட்டிட்டு வர்றேன்மா. அது என் பொறுப்பு" என்றேன். வாய் நீளத்துக்கு எனக்கு எப்போதும் குறைச்சல் இல்லை.

அந்த மெஷின் அவனைப் பிடித்துக்கொண்டதில் என் பங்கு உண்டு என்பதைச் சுமதியிடம் நான் சொன்னதில்லை. அது காசு போட்டு ஆடும் சீட்டாட்ட மெஷின். ஐந்து சீட்டு காட்டும், வேண்டியதை வைத்துக்கொண்டு மற்றதை மாற்றலாம். எந்தக் கையில் எதை வைப்பது என்று குமரேசன் ஒரு முறை போனில் கேட்டான். ஒவ்வொரு கைக்கும் முப்பத்திரண்டு வழி. நான் ஒரு வாரம் கணக்குப் போட்டு, வரிசைப்படுத்தி, அட்டையில் எழுதி, லேமினேட் செய்து அனுப்பினேன். பெருமையோடுதான் அனுப்பினேன்.

மதியம் ஒரு மணி. "ஒரு மணி நேரத்துல வந்துடறேன்" என்று குமரேசன் கிளம்பினான். இரண்டே காலுக்கும் வரவில்லை, போனையும் எடுக்கவில்லை. சுமதியும் அபியும் வெண்ட்வர்த்வில் என்ற இடத்துப் பள்ளி மண்டபத்துக்குப் போய்விட்டார்கள். நான் பரமட்டாவுக்கு நடந்தேன். பதினைந்து நிமிஷம். கிளப் வாசலில் பாஸ்போர்ட்டைக் காட்டிக் கையெழுத்துப் போட்டால் நானும் அன்றைக்கு உறுப்பினர். உள்ளே கம்பளம், கடிகாரம் இல்லாத சுவர், மூன்றரை டாலருக்குச் சுமாரான காப்பி.

குமரேசன் என் அட்டையைத் திரைக்குக் கீழே சாய்த்து வைத்திருந்தான். என் கையெழுத்து. திரையில் எழுதியிருந்த பரிசுப் பட்டியலைப் படித்தேன். ஒரு எண்ணில் மூன்றும் இன்னொன்றில் இரண்டும் சேரும் ஃபுல் ஹவுசுக்குப் போட்ட காசுக்கு ஆறு மடங்கு, ஒரே ஜாதியில் ஐந்து சீட்டு வந்தால் ஐந்து மடங்கு. நான் கணக்குப் போட்டது ஒன்பதும் ஆறும் தரும் மெஷினுக்கு.

"டேய், இது அந்த மெஷினே இல்லடா. இதுல எவ்வளவு சரியா ஆடினாலும் தோக்கத்தான் செய்வ."

"தெரியும். மொத மாசமே பாத்துட்டேன்."

"அப்புறம் எதுக்குடா ஆடுற?"

அவன் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "எத்தனை அப்ளிகேஷன் போட்டிருப்பேன் தெரியுமா? லோக்கல் எக்ஸ்பீரியன்ஸ் இல்லன்னு ஒரே பதில். இது அதக் கேக்கல."

அந்த நிமிஷமே அவன் கையைப் பிடித்து இழுத்திருக்க வேண்டும். ஆனால் அட்டையில் மூன்றாவது வரியை மார்க்கர் பேனாவால் அடித்து, கீழே இறக்கி எழுதியிருந்தான்.

"இது என்ன கிறுக்கல்?"

"இங்க ஒரே ஜாதிக்குக் காசு கம்மி. அப்ப அத நம்பி வைக்கிற சீட்டும் கீழ போகணும்ல? நீ போட்டது இங்க தப்பு."

தப்பு! இருபது வருடம் பாடம் நடத்துகிற என்னிடம். பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். காப்பிக் கடை காகிதத்தில் கையில் இல்லாத மீதி நாற்பத்தேழு சீட்டையும் பிரித்துக் கணக்குப் போட்டேன். ஒரு இடத்தில் பிசகி, மறுபடி முதலிலிருந்து போட்டேன். அவன் சொன்னதுதான் சரி. எனக்கு அது பொறுக்கவில்லை, அடுத்த வரியை எடுத்தேன்.

நடுவில் ஒரு கை வந்தது. இஸ்பேடில் பத்து, ஜாக்கி, ராணி, ராஜா, கூடவே மூன்று. ஐந்தும் ஒரே ஜாதி, கையில் வந்த பரிசு. அவன் என்னைப் பார்த்தான்.

"மூணத் தூக்கிப் போடு. ஆஸ் வந்தா எல்லாத்தையும் அள்ளலாம்" என்றேன். கணக்குப்படி அதுதான் சரி. போட்டான். டைமன் நான்கு வந்தது. கையில் இருந்த பரிசும் போனது.

"சரியாத்தான ஆடினோம்?" என்றான். குரலில் சந்தோஷம். அவன் அப்படிப் பேசி அந்தப் பத்து நாளில் நான் கேட்டதில்லை.

அப்போதுதான் போனைப் பார்த்தேன். நாலு இருபத்தைந்து.

டாக்சி பிடித்தோம். ஓட்டியவர் யாழ்ப்பாணத்துக்காரர். வண்டி நகர்ந்தும் நாங்கள் அந்த மூன்றைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தோம். வெண்ட்வர்த்வில் நெருங்கும்போது அவர் கண்ணாடியில் பார்த்தார்.

"அண்ணை, இந்தக் கிளப்பிலை ஏறுற ஆக்கள் ஒருத்தரும் கதைக்க மாட்டினம். நீங்கள் ரெண்டு பேரும் காசு வெண்ட ஆக்கள் மாதிரியெல்லோ கதைக்கிறியள்?"

குமரேசன் வெளியே பார்க்கத் தொடங்கினான். எனக்கு வெட்கமாக இருந்தது.

மண்டபத்தில் நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தார்கள். முதல் வரிசையில் இரண்டு மட்டும் எடுக்காமல் இருந்தன. ஒன்றில் சுமதியின் கைப்பை, மற்றதில் அவள் சால்வை. சுமதி அவனைத் தாண்டி என்னைப் பார்த்தாள். என்னிடம்தான் கேட்டாள்.

"நீங்க கூடவா அண்ணா?"

அபி நெஞ்சில் குத்திய நீல ரிப்பனோடு வந்தாள். அந்தப் பேச்சை வாரம் முழுக்க என்னிடம்தான் ஒப்பித்துப் பார்த்தாள். "இட்ஸ் ஓகே, அங்கிள். செகண்ட் பிரைஸ்" என்றாள். அப்பாவைப் பார்க்காமலே சொன்னாள்.

திங்கட்கிழமை காலை சுமதி மெல்போர்னுக்கு வருகிறேன் என்று எழுதிவிட்டாள். அன்று மாலை எனக்கு விமானம். விமான நிலையம் வரை குமரேசன் வந்தான். அட்டையைத் திருப்பிக் கேட்டேன். மறுபேச்சில்லாமல் கொடுத்தான். "வச்சுக்கோ. எனக்கு மனப்பாடம்" என்றான்.

ஊரில் வகுப்பில் ஒரு பையன் கணக்கைத் தப்பாகப் போட்டால் திட்டுவேன். சரியாகப் போட்டதற்காக யாரையும் திட்டியதில்லை. சிட்னியின் விளக்குகள் கீழே மறைந்ததும் அட்டையை மடியில் வைத்து, கிழித்துவிடலாம் என்று பார்த்தேன். லேமினேட் செய்தது கிழியவில்லை. பேனாவை எடுத்து, அவன் திருத்திய மூன்றாவது வரியை விமானத்தில் தந்த காகிதத்தில் இன்னொரு முறை போட்டுப் பார்த்தேன். சரியாகத்தான் இருந்தது.