வீராசாமியின் தறியில் திருட்டு நெசவு

பிள்ளையார்பாளையம் மருந்துக் கடையில் ஜஹனாராவின் வேலை மாதம் இரண்டு முறையாவது போகப் பார்க்கும். டாக்டர் சீட்டு இல்லாமல் ஆன்டிபயாட்டிக் தரமாட்டாள், அதுதான் குற்றம். இன்று நெசவாளர் வீராசாமி மூக்கு ஒழுக வந்து அதையே கேட்டார்.

“சளிக்கு வைரஸ்தான் காரணம், அண்ணா. பாக்டீரியா சொந்தத் தறி வெச்சிருக்கும், மாத்திரை அத உடைக்கும். வைரஸுக்குத் தறியே கெடையாது, மாத்திரைக்கு ஒடைக்க ஒண்ணுமில்ல. உங்க செல்லுக்குள்ள பூந்து, உங்க தறியிலேயே அதோட புடவைய நெய்துக்கினு இருக்குது,” என்றாள் ஜஹனாரா.

“கூலி குடுக்காமயா?”

“நூலும் உங்களுதுதான்.”

கல்லாவில் இருந்த கடை முதலாளி உறுமினார்: “மாத்திரைய குடு. இல்லன்னா கெளம்பு.”

ஜஹனாரா அலமாரியைப் பூட்டினாள். சாவியை முதலாளி முன்னால் வைத்துவிட்டுப் பையை எடுத்தாள்.

“அந்தப் பொண்ணு போனா நானும் இங்க வரமாட்டேன்பா,” என்ற வீராசாமி, முதலாளியின் முகத்துக்கு நேராகத் தும்மினார்.